கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸ்: அதே கார், அதே ஓட்டுநர், பிரீமியம் மட்டும் ஏன் ஏறியது?

பிளேனோவாசி (வியாழன், இரவு 9.12)

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பு சான் ஹோசேயிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோவுக்குக் குடிபெயர்ந்தோம். எங்களிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஒன்று. கடன் முடிந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு விபத்தோ அபராதச் சீட்டோ கிடையாது. கலிஃபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு 640 டாலர் கட்டிவந்தேன். முகவரியை மாற்றிக்கொள்வதற்காக அதே நிறுவனத்தை அழைத்தபோது, டெக்சஸில் ஆறு மாதத்துக்கு 1,070 டாலர் ஆகும் என்றார்கள். மாநில வருமான வரி இல்லை, வாடகையும் குறைவு என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு, முதல் மாதமே அந்தக் கணக்கு உதைக்கிறது.

பதற்றத்தில் ஓர் ஒப்பீட்டுத் தளத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் பதினேழு அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒருவர்கூட நான் எந்த அளவுக்குக் காப்பீடு வைத்திருந்தேன் என்று கேட்கவில்லை. எல்லாரும் நேரே விலையைத்தான் சொன்னார்கள்.

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. என் பெயரில் ஒரே ஒரு கிரெடிட் கார்டு, அதுவும் பதினான்கு மாதப் பழையது. மனைவி இங்கே உரிமம் பெற்று எட்டு மாதம். ஆனால் கோயம்புத்தூரில் ஆறு ஆண்டுகள் கார் ஓட்டியவர். இந்த விலை நியாயமானதுதானா, குறைக்க வழி உண்டா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹூஸ்டன் அண்ணாச்சி (வியாழன், இரவு 10.05)

தம்பி, உங்கள் மேலும் தவறில்லை, கார் மேலும் தவறில்லை, மாநிலம் மாறியிருக்கிறது. இந்த நாட்டில் காப்பீட்டைக் கட்டுப்படுத்துவது மைய அரசு இல்லை. 1945-இல் வந்த மெக்கரன்–ஃபெர்குசன் சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. எதை வைத்து உங்களுக்கு விலை போடலாம், எதை வைத்துப் போடக் கூடாது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே நிறுவனம், ஒரே கார் என்றாலும், எல்லைக்கோட்டைத் தாண்டினால் உங்கள் கோப்பைப் புதிதாகப் பிரித்துப் படிப்பார்கள்.

கலிஃபோர்னியாவில் 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறார், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற மூன்றுக்குத்தான் விலை நிர்ணயத்தில் முதலிடம். தகுதியுள்ள நல்ல ஓட்டுநருக்கு இருபது சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தாக வேண்டும். கடனையும் கார்டு பாக்கியையும் எப்படிக் கட்டிவந்தீர்கள் என்ற கிரெடிட் வரலாற்றை அங்கே தொடவே கூடாது. ஹவாயிலும் மாசசூசெட்ஸிலும் அப்படித்தான். டெக்சஸில் தொடலாம். கிரெடிட்டை மட்டுமே காரணமாக வைத்து உங்களை மறுக்க முடியாதே தவிர, விலையில் அதன் கை நீளும். பதினான்கு மாதப் பழைய ஒற்றை கார்டு சான் ஹோசேயில் யார் கண்ணிலும் படவில்லை. இங்கே முதல் பார்வையிலேயே பட்டுவிட்டது.

இதற்கு இரண்டு காரியங்கள் செய்யுங்கள். கிரெடிட் காரணமாக விலையைக் கூட்டினால் அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மைய அரசின் சட்டம். அந்த அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அதில் சொன்ன நிறுவனத்திடமிருந்து உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கி, பழைய முகவரி, பெயர்க் குழப்பம் ஏதாவது உண்டா என்று படியுங்கள். நம் பெயர்களை முன்பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துப் போடும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவது புதிதில்லை. அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் இருந்த காரணத்தால் என் கோப்பும் இரண்டாண்டுகள் பிளந்தே கிடந்தது.

கொட்டேஷன் கேட்டால் கிரெடிட் ஸ்கோர் குறையும் என்ற பயம் வேண்டாம். காப்பீட்டுக்கான விசாரணை ஸ்கோரைப் பாதிக்காது. பத்து இடத்தில் கேட்கலாம்.

சிக்கனம் (வியாழன், இரவு 10.31)

இவ்வளவு யோசிப்பானேன்? டெக்சஸில் சட்டம் கேட்பது 30/60/25 மட்டுமே. அதை மட்டும் எடுங்கள், விலை பாதியாகிவிடும். கடன் இல்லாத காருக்கு மற்றதெல்லாம் வீண் செலவு. மேலும் இந்த மாநிலத்தில் வழக்கில் தோற்றாலும் உங்கள் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள், குடியிருக்கும் வீட்டைத் தொட மாட்டார்கள். நான் ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஆஸ்டின் முகவர் (வெள்ளி, காலை 7.48)

நான் பல நிறுவனங்களின் காப்பீட்டை விற்கும் தனி முகவர். அந்தச் சார்பைக் கழித்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

சிக்கனம் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தாக இருக்கிறது. உங்களிடமிருந்து பணம் வரவேண்டியவர் சாதாரணமாக டெக்சஸில் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, குடியிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, சரிதான். ஆனால் அந்தச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாளைக்கு வேலை நிமித்தம் கலிஃபோர்னியாவுக்கே திரும்பினால், இங்கே பெற்ற தீர்ப்பை அங்கே பதிவுசெய்து சம்பளத்திலேயே பிடிக்கலாம். வேலைக்காக மாநிலம் மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்கள் ஒரு மாநிலத்துச் சட்டத்தின் நிழலை நம்பி இருக்க முடியாது.

30/60/25 என்பதைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் தவறால் விபத்து நேர்ந்தால், காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர் வரை, அந்த விபத்தில் காயமடைந்த எல்லாருக்கும் சேர்த்து 60,000 வரை, சேதமான பொருள்களுக்கு 25,000 வரை நிறுவனம் கொடுக்கும். அதற்கு மேல் உங்கள் பாடு. இன்று புதிய காரின் சராசரி விலை 45,000 டாலரைத் தாண்டிவிட்டது. சிவப்பு விளக்கில் நிற்கும் ஒரு புதிய பிக்கப்பின் பின்புறத்தில் மோதி, அது முன்னால் நிற்கும் இன்னொரு காரைத் தள்ளினால், அந்த 25,000 இரண்டு காருக்கும் எப்படிப் போதும்? அவசர ஊர்தி, எலும்பு முறிவு, ஓர் அறுவைச் சிகிச்சை என்று வந்தால் 30,000 எங்கே போனது என்றே தெரியாது.

இதில் பலரும் கவனிக்காதது, இந்த மூன்று எண்களும் எதிராளிக்கு மட்டுமே என்பது. உங்களுக்காக வேறு இரண்டு இருக்கின்றன. எதிராளிக்குக் காப்பீடு இல்லாதபோதும், இருந்தும் போதாதபோதும் உங்களைக் காப்பது ஒன்று. யார் தவறாக இருந்தாலும் உங்கள் மருத்துவச் செலவையும், இழந்த வருமானத்தில் எண்பது சதவீதத்தையும் கொடுக்கும் பி.ஐ.பி. மற்றொன்று, அதன் குறைந்தபட்ச வரம்பு 2,500 டாலர். டெக்சஸில் இவ்விரண்டும் தானாகவே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும். வேண்டாம் என்றால் எழுத்தில் மறுக்க வேண்டும். இணையத்தில் ‘மலிவான’ விலை காட்டப்படும்போது, அந்த மறுப்புக்கான கட்டங்களில் நீங்களே கையொப்பமிட்டு வந்திருப்பீர்கள். நான் பார்க்கும் கோப்புகளில் பாதிப் பேருக்கு, தாங்கள் மறுத்ததே நினைவில் இல்லை.

பிளேனோவாசி ஐயா, உங்கள் பழைய கலிஃபோர்னிய ஒப்பந்தத்தின் டெக்லரேஷன் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு காப்பும் எவ்வளவு வரம்பு, டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகை) எவ்வளவு, அதற்கு மட்டும் எத்தனை டாலர் என்று வரிவரியாக இருக்கும். யாரைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். வரிகள் ஒன்றுபோல் இல்லாத இரண்டு விலைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

சிக்கனம் (வெள்ளி, காலை 8.20)

வங்கிக் கணக்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் ஒப்பந்தத்தில் மறுத்திருக்கிறேனா என்று இன்று மாலை பார்க்கிறேன்.

எடிசன் தோழி (வெள்ளி, காலை 11.15)

மறுத்தது நினைவில் இல்லை என்று முகவர் எழுதியதைப் படித்ததும் என் கதையை எழுதத் தோன்றியது. நாங்கள் நியூஜெர்சி. இங்கே யார் தவறாக இருந்தாலும் அவரவர் மருத்துவச் செலவை அவரவர் காப்பீடு முதலில் ஏற்க வேண்டும். அதோடு, வழக்குத் தொடரும் உரிமையைச் சுருக்கிக்கொள்வதா, முழுதாக வைத்துக்கொள்வதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. சுருக்கிக்கொண்டால் பிரீமியம் நன்றாகவே குறையும். அன்று இரவு பன்னிரண்டு மணிக்குக் கணினியில் ஒவ்வொரு திரையாகத் தாண்டிக்கொண்டிருந்த நான், விலை குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர எதற்காகக் குறைந்தது என்று படிக்கவில்லை.

அடுத்த ஆண்டு டர்ன்பைக் சுங்கச் சாலையில் இறங்கும் வளைவில் ஒருவர் பின்னாலிருந்து மோதினார். கழுத்து வலி ஏழு மாதம். பிள்ளையைத் தூக்க முடியாது, திரும்பிப் பார்த்துக் காரை ரிவர்ஸ் எடுக்க முடியாது. மருத்துவச் செலவு கிடைத்தது. ஆனால் அந்த ஏழு மாத வேதனைக்கு வழக்குப் போடலாமா என்று கேட்டபோது, வழக்கறிஞர் என் டெக்லரேஷன் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். நிரந்தரக் காயம், இடம்பெயர்ந்த எலும்பு முறிவு, உறுப்பிழப்பு, குறிப்பிடத்தக்க தழும்பு என்று சட்டம் சொல்லும் பட்டியலில் என் கழுத்து வலி சேரவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் கேட்டார்கள், நான்தான் கட்டத்தை அழுத்தினேன். ஆனாலும் அவர்கள் அனுப்பிய நாற்பது பக்கத்தில் அந்தக் கட்டம் இரண்டு வரியில் ஒளிந்திருந்தது என்ற கோபம் இன்றும் போகவில்லை.

அதே தேர்வை இப்போதும் வைத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்தே வைத்திருக்கிறேன்.

நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வரம்பு 2023-இல் 25/50/25 ஆனது. 2026 ஜனவரி 1 முதல் 35/70/25. புதுப்பிக்கும்போது விலை ஏறியிருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். உங்கள் மருத்துவக் காப்பீடு கார் விபத்துச் சிகிச்சைக்கும் பணம் கொடுக்கும் என்றால், அதை முதன்மையாக்கிப் பிரீமியத்தைக் குறைக்கலாம்; ஆனால் அலுவலகத் திட்டம் அதை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தாருக்கானது) உள்ளவர்கள் அப்படி முதன்மையாக்க முடியாது. மெடிக்கெய்டில் மருத்துவமனைக் காப்பும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 365 டாலரில், நாளுக்கு ஒரு டாலர் கணக்கில், ஒரு தனி ஒப்பந்தமே இருக்கிறது. விபத்தை ஒட்டிய அவசரச் சிகிச்சையை அது ஏற்கும். எதிராளிக்கு அதில் ஒன்றும் கிடையாது.

டெட்ராய்ட் பொறியாளர் (வெள்ளி, பிற்பகல் 1.40)

மிச்சிகன் கதையைச் சொன்னால் டெக்சஸ்காரர்கள் ஆறுதல் அடைவார்கள். இங்கே விபத்து மருத்துவச் செலவுக்கு வாழ்நாள் முழுவதும் வரம்பே இல்லாத காப்பீட்டை எல்லாரும் வாங்கியாக வேண்டும் என்று இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 2020 ஜூலை முதல் 500,000, 250,000 என்று வரம்பைத் தேர்ந்துகொள்ள விட்டார்கள். மெடிக்கெய்டு உள்ளவர்களுக்கு 50,000. மெடிக்கேர் உள்ளவர்கள் விலகியே கொள்ளலாம். நான் 500,000-க்கு இறங்கினேன். என் அண்டை வீட்டுக்காரர் வரம்பற்றதையே வைத்திருக்கிறார். அவர் தம்பி சக்கர நாற்காலியில் இருபது ஆண்டுகளாக இருப்பது அந்தப் பழைய காப்பீட்டின் தயவில்தான். யார் செய்தது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குயின்ஸ் தாத்தா (வெள்ளி, மாலை 5.02)

நியூயார்க் மாநிலத்தில் இருப்பவர்கள் மோட்டார் வாகனத் துறை ஏற்றுக்கொண்ட விபத்துத் தடுப்புப் பயிற்சியை முடித்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பத்து சதவீதம் குறைத்தே ஆக வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம். நான் ஐந்தாவது முறையாக முடித்திருக்கிறேன், கேள்விகள் மனப்பாடம்.

பிளேனோவாசி (ஞாயிறு, இரவு 8.30)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து செய்ததை எழுதுகிறேன்.

முதலில் முகவர் ஐயா சொன்னபடி பழைய பக்கத்தையும் 1,070 டாலர் கொட்டேஷனையும் அருகருகே வைத்தேன். பார்த்தால் இரண்டும் ஒன்றே இல்லை. பழையதில் ஆண்டுக்கு 8,000 மைல் என்றிருந்தது. புதியதில் யாரும் கேட்காமலே 15,000 போட்டிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான் வேலை. அதைத் திருத்தச் சொன்னதும் 1,012 ஆனது. வாடகைக் கார், சாலை உதவி என்ற இரண்டு வரிகளும் புதிதாக முளைத்திருந்தன. சாலை உதவி என் கிரெடிட் கார்டிலேயே இருக்கிறது.

பிறகு மாநிலக் காப்பீட்டுத் துறையும் மக்கள் சார்பிலான காப்பீட்டு ஆலோசகர் அலுவலகமும் சேர்ந்து நடத்தும் ஹெல்ப்இன்ஷூர் தளத்துக்குப் போனேன். தொலைபேசி எண் கேட்காமலே, நிறுவனங்களின் மாதிரி விலையையும் எந்த நிறுவனத்தின் மேல் எவ்வளவு புகார் என்பதையும் காட்டுகிறது. அந்தப் பதினேழு அழைப்புகளை நினைத்து நொந்துகொண்டேன். புகார் அதிகமுள்ள இரண்டை, விலை குறைவாக இருந்தும் அடித்துவிட்டு, ஐந்து நிறுவனங்களிடம் ஒரே பக்கத்தை வைத்துக் கேட்டேன்: எதிராளிக்கு 100/300/100, எதிராளிக்குக் காப்பீடு இல்லாவிட்டால் எங்களுக்கும் அதே அளவு, பி.ஐ.பி. 2,500. விலைகள் 812-இலிருந்து 1,340 வரை வந்தன. ஒரே ஆள், ஒரே கார், ஒரே வீடு!

812 சொன்ன நிறுவனம் மனைவியின் இந்திய உரிமத்தின் நகலை வாங்கிக்கொண்டு ஆறு ஆண்டு அனுபவத்தை ஏற்றது. மற்ற நான்கில் மூன்று பேர் அவரை நேற்றுப் பிறந்த ஓட்டுநராகவே வைத்துக் கணக்கிட்டார்கள். இதைக் கேட்காமல் யாரும் தானாகச் சொல்லவில்லை.

டிடக்டிபிளில்தான் அதிக நேரம் போனது. மோதலுக்கானதை 500-இலிருந்து 1,000 ஆக்கினால் ஆறு மாதத்துக்கு 84 டாலர் குறைகிறது; மூன்று ஆண்டுகள் மோதாமல் ஓட்டினால் கூடுதல் 500 கைக்கு வந்துவிடும். அந்தச் சேமிப்பு சேர்ந்துதான் 812. ஆனால் ஆலங்கட்டி, திருட்டு போன்ற மோதல் அல்லாத சேதத்துக்கான காம்ப்ரிஹென்சிவுக்கு மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் கூரையில் கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். போன வசந்தத்தில் விழுந்த ஆலங்கட்டியால் அம்மிக்கல் கொத்தியதுபோல் இருந்தது. இந்தப் பக்கத்தில் மோதலைவிட வானத்துக்குத்தான் பயப்பட வேண்டும்போல.

அடுக்ககத்தில் வாடகைதாரர் காப்பீடு கட்டாயம். அதையும் இதே நிறுவனத்தில் எடுத்தால் மாதம் 11 டாலர். காரில் ஆறு மாதத்துக்கு 60 டாலர் தள்ளுபடி. ஆறு டாலரில் வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு வந்துவிட்டது. காருக்கு இப்போது 752.

ஓட்டும் விதத்தைக் கைப்பேசிச் செயலியால் கண்காணிக்கும் திட்டத்தை மட்டும் தவிர்த்தேன். திடீர்ப் பிரேக்கைக் குறித்துவைக்குமாம். சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயில் மாலை ஐந்தரைக்குத் திடீர்ப் பிரேக் போடாமல் எப்படி ஓட்டுவது?

ஒரு சந்தேகம் பாக்கி. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இன்றே நிறுத்திவிடலாமா?

ஹூஸ்டன் அண்ணாச்சி (ஞாயிறு, இரவு 9.01)

752-க்கு அந்த வரம்புகள் நல்ல விலை, தம்பி. கண்காணிப்புத் திட்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்கு நன்றாகவே குறைந்தது. அதிகாலையில் வேலைக்குப் போகிறவனுக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. ஆறு மாதம் கழித்துக் கிரெடிட் கொஞ்சம் தேறியதும் மறுபடி கேளுங்கள். இங்கே பழைய வாடிக்கையாளர் என்பதற்காக யாரும் விலையைத் தானாகக் குறைப்பதில்லை.

ஆஸ்டின் முகவர் (திங்கள், காலை 7.30)

இன்றே நிறுத்த வேண்டாம். புதிய ஒப்பந்தம் தொடங்கும் தேதியை முதலில் உறுதிசெய்து, அந்தக் காப்பீட்டு அட்டை கைக்கு வந்து, இங்கே பதிவும் முடிந்த பிறகு, பழையதை நிறுத்தச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். மீதமுள்ள நாள்களுக்கான பணம் திரும்ப வரும். முன்கூட்டி நிறுத்தினால் கட்டணம் பிடிப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வாரம் காப்பில்லாமல் விழுந்தாலும், அடுத்த கொட்டேஷனில் ‘இடைவெளி’ என்று வந்து விலை ஏறும்.

வண்டியில் இன்னும் கலிஃபோர்னிய எண் பலகைதானே? அங்கே பதிவு உயிரோடு இருக்கும்போது காப்பீடு நின்றால், அந்த மாநிலத்து வாகனத் துறை பதிவை முடக்கும். டெக்சஸில் குடியேறிய 30 நாளுக்குள் இங்கே பதிவு செய்தாக வேண்டும். உரிமத்துக்கு 90 நாள். பதிவுக்குக் கவுண்டி (மாவட்டம் போன்றது) வரி அலுவலகத்தில் டெக்சஸ் காப்பீட்டைக் காட்ட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது என்றாலும், உங்கள் காலின் கவுண்டியில் புகைப் பரிசோதனை இன்னும் உண்டு. ஆகவே புதிய காப்பீடு, புகைப் பரிசோதனை, பதிவு, கடைசியாகப் பழையதை நிறுத்துவது என்ற வரிசையில் செல்லுங்கள்.

பிளேனோவாசி (திங்கள், காலை 8.05)

புதன்கிழமை தொடங்கும்படி எடுத்துவிட்டேன். புகைப் பரிசோதனைக்கு இன்று மாலை போகிறேன்.

சிக்கனம் (திங்கள், இரவு 9.44)

பார்த்துவிட்டேன். இரண்டையும் மறுத்துக் கையொப்பமிட்டிருக்கிறேன், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே. திரும்பச் சேர்த்து, வரம்பையும் 100/300/100 ஆக்கினால் ஆறு மாதத்துக்கு 118 டாலர் கூடுமாம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.